நாற்காலியில் நலமான ஒருவர்: டி.எம்.எஸ். செய்முறைப் பயிற்சி

டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டலைக் கற்க வருகிறவர்கள் நரம்பியல் மருத்துவராக இருக்கலாம், மனநல மருத்துவராக, பிசியோதெரபிஸ்டாக, டெக்னீஷியனாக இருக்கலாம். எல்லோருக்கும் முதல் வேலை ஒன்றுதான். நலமாக உள்ள ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய மோட்டார் த்ரெஷோல்டைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். தலைமேல் காயிலை வைத்துக் கைத்தசையை லேசாகச் சுண்டவைக்க, இயந்திரத்தின் முழுத் திறனில் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் போதும் என்பதே அந்த அளவு.

இந்த ஒரு எண்ணை நம்பித்தான் பிற்பாடு நோயாளிக்கான சிகிச்சை நடக்கப்போகிறது. மனச்சோர்வுக்கான டி.எம்.எஸ். சிகிச்சைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008-இல் அனுமதி தந்தபோது, அதில் இருந்த முறை இது: த்ரெஷோல்டின் 120 சதவீத அளவில், விநாடிக்கு 10 பல்ஸ் வேகத்தில், ஓர் அமர்வுக்கு 3,000 பல்ஸ். ஒருவருடைய த்ரெஷோல்ட் 50 என்றால் சிகிச்சை அளவு 60. ஹாட்ஸ்பாட்டை, அதாவது கைத்தசை எளிதில் அசையும் தலைப்புள்ளியை, ஒழுங்காகத் தேடாமல் 58 என்று நீங்கள் குறித்துவிட்டால் அவர் தலையில் இறங்குவது ஏறத்தாழ 70. வலியும் கூடும், வலிப்பு வரும் அபாயமும் கூடும். நோயாளியின் தலையில் கற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

அதனால்தான் நலமானவர்களைத் தேடுகிறோம். ஆனால் அவர்களுக்கு இதில் எந்த லாபமும் இல்லை. நோயாளிக்காவது குணமாகும் என்ற நம்பிக்கை உண்டு. தன்னார்வலர் தன் நேரத்தையும் தலையையும் தருவது நீங்கள் கற்பதற்காக மட்டுமே. ஆகவே அவர்மேல் கொடுக்கும் ஒவ்வொரு பல்ஸுக்கும் காரணம் சொல்ல உங்களால் முடிய வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறவைதான்.

இயந்திரம் செய்வது என்ன

சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் காட்டினார். 1980-இல் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கைத்தசையை அசைத்தார்கள். ஆனால் வலி அதிகம். 1985-இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் அதே வேலையைக் காந்தத்தால் வலியில்லாமல் செய்துகாட்டினார்கள். மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. காயிலில் ஓடும் மின்னோட்டம் பல ஆயிரம் ஆம்பியர். காயிலின் பரப்பில் எழும் புலம் சுமார் 2 டெஸ்லா. அது உச்சத்தைத் தொட ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

தூரம் கூடக்கூடப் புலம் சட்டென்று வலுவிழக்கும். தலைக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூடினால் இயந்திரத்தில் சுமார் 3 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை, தடித்த பின்னல், உச்சியில் குத்திய கிளிப் எல்லாம் ஏன் பிரச்சினை என்பது தானாகவே விளங்கும்.

யாரை உட்காரவைப்பது

பயிற்சிக்கூடங்களில் எளிதாகக் கிடைப்பவர் பக்கத்து மேசை ஜூனியர்தான். அவரைக் கூப்பிடாதீர்கள். உங்களிடம் மதிப்பெண் வாங்க வேண்டிய மாணவர், உங்களுக்குக் கீழே வேலை செய்யும் உதவியாளர் இவர்களெல்லாம் ‘சரி சார்’ என்று சொன்னால் அது சம்மதமா, பயமா என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் மாணவர்களையும் பணியாளர்களையும் எளிதில் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். வேறு துறையிலிருந்து, உங்களோடு கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லாத ஒருவரை அழையுங்கள். ‘பயிற்சிதானே, ஆய்வு இல்லையே’ என்று நெறிமுறைக் குழுவின் கடிதத்தைத் தவிர்க்கவும் வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே நாற்காலியைத் துடையுங்கள்.

பயிற்சி பெறுபவர்களே ஒருவருக்கொருவர் உட்காருவது பல இடங்களில் வழக்கம். தலையில் அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அடுத்தவரிடம் மென்மையாக நடந்துகொள்வார் என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் உட்கார மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. அவருக்கு வலிப்பு இருக்கலாம், அவர் கருவுற்றிருக்கலாம், ஏதோ மாத்திரை சாப்பிடலாம். நண்பர்கள் முன்னால் அதைச் சொல்லும்படி அவரைத் தள்ளுவது நியாயமில்லை.

கேள்விப் படிவம் அச்சிட்டதாக இருந்தாலும் வாயால் கேளுங்கள், தனியறையில் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் பலர் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ‘உங்களுக்கு எபிலெப்சி உண்டா?’ என்பதற்கு ‘இல்லை’ என்பவர், ‘சின்ன வயசுல ஜுரத்துல வெட்டு வந்திருக்கா? வீட்ல அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?’ என்று கேட்டால் யோசிப்பார். ‘கூட்டத்துல, வெயில்ல, ரத்தம் எடுக்கும்போது மயக்கம் போட்டு விழுந்ததுண்டா?’ இந்தக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. முதல்முறை டி.எம்.எஸ்.-க்கு உட்காருகிறவர்களிடம் வலிப்பைவிட மயக்கம்தான் அதிகம் பார்க்கிறோம்.

மற்றவை: தலையில் அடிபட்டு நினைவு தப்பியதா, தலைக்குள் அறுவை சிகிச்சை, கிளிப், தகடு உண்டா, காதுக்குள் காக்ளியர் கருவி உண்டா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, காதில் இரைச்சல் கேட்கிறதா, கர்ப்பமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், மது அருந்தினாரா. காயிலுக்கு அருகில் வரக்கூடிய உலோகமோ மின்னணுக் கருவியோ உடலில் இருந்தால் அத்தோடு முடிந்தது. மற்றக் கேள்விகளில் ஆராய்ச்சிக்காக மருத்துவர் ஒருவர் அபாயத்தையும் பயனையும் எடைபோட்டு அனுமதிக்கலாம். பயிற்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு ‘ஆமாம்’ வந்தாலும் நன்றி சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதல் பல்ஸுக்கு முன்

தன்னார்வலர் சாப்பிட்டு வந்தாரா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை விரதம், நோன்புக் காலம், காலையில் வெறும் காபி என்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். காதணி, கழுத்துச் சங்கிலி, ஹேர்பின், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். பூ வைத்திருந்தால் அதைக் குத்திய ஊசியைக் கேளுங்கள். பூவை எடுத்துவிட்டு ஊசியை மறந்துவிடுவது சகஜம். கழற்ற முடியாத மூக்குத்தி இருந்தால் பொறுப்பாளரிடம் கேட்காமல் தொடராதீர்கள். தலையில் எண்ணெய் இருந்தால் காந்தத்துக்குத் தடையில்லை; ஆனால் குறி போட அணிவிக்கும் துணித் தொப்பி வழுக்கும், பேனாவால் போட்ட குறி நகர்ந்துவிடும். முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வது நல்லது. கைப்பேசி, ஏ.டி.எம். அட்டை இரண்டும் இயந்திரத்திலிருந்து தள்ளி இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

காதடைப்பான் கட்டாயம். ஒவ்வொரு பல்ஸும் காயிலுக்குள் சுளீரென்று ஒரு சத்தம் எழுப்பும். அது காதுக்கு மிக அருகில். பஞ்சு போன்ற அடைப்பானை விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லியதாக்குங்கள். மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே தொங்கினால் போட்டதாகக் கணக்கில்லை. அறையில் இருக்கும் நீங்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதன்பின் காயிலை முதலில் உங்கள் முன்கையில் வைத்து ஒரு பல்ஸ் கொடுங்கள். அவர் பார்க்கட்டும், சத்தம் கேட்கட்டும். பிறகு ‘உங்க கையிலயும் ஒண்ணு குடுத்துப் பாக்கலாமாங்க?’ என்று கேட்டுக் கொடுங்கள். தலைக்குப் போகும் முன்பே அவருடைய தோள் இறங்கிவிடும். கண் சிமிட்டும், தாடை இழுக்கும், நெற்றித் தசை துடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியாக, ‘போதும்னு தோணினா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம். ஏன்னு கேக்க மாட்டோம்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

கையில் எலக்ட்ரோடு

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் கையின் புறத்தில் ஒரு மேடு எழும். எஃப்.டி.ஐ. என்று சொல்கிற தசை அது. மேட்டின் நடுவில் ஒரு எலக்ட்ரோடு, ஆள்காட்டி விரலின் மூட்டெலும்பில் இன்னொன்று, மணிக்கட்டில் எர்த். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்து, பசை போட்டு லேசாகத் தேய்த்துவிடுங்கள். இந்த நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பின்னால் அரைமணி நேரம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

திரையில் கோடு அமைதியாக ஓட வேண்டும். தடித்து நடுங்கினால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் கையைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் தனக்கே தெரியாமல் விரலை இறுக்கி வைத்திருப்பார். முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள், ஈ.எம்.ஜி. எனப்படும் தசை மின்பதிவின் ஒலியைத் திறந்து அவரும் கேட்கும்படி விடுங்கள். படபட சத்தம் அடங்கும்வரை அவரே கையைத் தளர்த்திக்கொள்வார். தசை இறுகியிருந்தால் த்ரெஷோல்ட் குறைவாகக் காட்டும். நீங்கள் ஓய்வு நிலையை அளப்பதாக நினைத்துக்கொண்டு வேறொன்றை அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஹாட்ஸ்பாட் தேடல்

கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் குழியிலிருந்து பின்மண்டை மேடுவரை நாடாவால் அளந்து பாதியைக் குறியுங்கள். இரு காதுகளின் முன்னாலுள்ள குழிகளுக்கிடையே அளந்து அதன் பாதியையும் குறியுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் உச்சி. வலது கையை அசைக்க, உச்சியிலிருந்து இடது காதை நோக்கி சுமார் 5 செ.மீ. இறங்குங்கள். தேடல் அங்கிருந்து தொடங்குகிறது. அதுவே ஹாட்ஸ்பாட் என்று நினைத்து நின்றுவிட வேண்டாம்.

எட்டு வடிவக் காயிலின் இரு வளையங்களும் சேரும் நடுப்பகுதியில்தான் புலம் கூர்மையாக இருக்கும். அந்த நடுப்பகுதி தலையைத் தொட்டுப் படிந்திருக்க வேண்டும். கைப்பிடி பின்னோக்கி, நடுக்கோட்டிலிருந்து 45 பாகை வெளியே சாய்ந்திருக்கட்டும். அப்போது மூளையில் உண்டாகும் மின்னோட்டம் கை அசைவுப் பகுதியின் மடிப்புக்கு ஏறக்குறையக் குறுக்காகப் பாயும். அந்தத் திசையில்தான் குறைந்த அளவு போதும்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். காயில் ஒன்றரை, இரண்டு கிலோ கனம். கேபிள் வேறு இழுக்கும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு தளரும், காயிலின் ஒரு ஓரம் தலையிலிருந்து எழும்பும். பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் சொன்னால்தான் அது தெரியும். ஆகவே இருவராகப் பழகுங்கள். ஒருவர் காயிலைப் பிடிக்கட்டும், மற்றவர் திரையையும் காயில் தலையில் படிந்திருப்பதையும் பார்க்கட்டும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கேபிளைத் தோள்மேல் போட்டுக்கொண்டு நின்றால் கை நடுங்காது. தன்னார்வலரின் தலையைக் காயிலால் அழுத்தித் தள்ளாதீர்கள். அவர் கழுத்தை விறைத்து எதிர்த்துத் தள்ளுவார், மாலையில் கழுத்து வலி என்பார்.

குறைந்த அளவில் தொடங்கி ஐந்தைந்து சதவீதமாக ஏற்றிக்கொண்டே போங்கள். திரையில் ஓர் அலை எழுந்ததும் ஏற்றுவதை நிறுத்துங்கள். அதே அளவில் காயிலை முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒவ்வொரு செ.மீ. நகர்த்தி, இடத்துக்கு இரண்டு மூன்று பல்ஸ் கொடுங்கள். எங்கே அலை பெரிதாகவும் தவறாமலும் வருகிறதோ அதுவே ஹாட்ஸ்பாட். பேனாவால் காயிலின் முன் விளிம்பையும் இரு ஓரங்களையும் தொப்பியில் வரைந்துகொள்ளுங்கள். நேவிகேஷன் கருவி இருந்தாலும் முதல் சில தலைகளில் நாடாவும் பேனாவும் வைத்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

அலை எப்போது வருகிறது என்று பாருங்கள். மூளையிலிருந்து கைத்தசைக்கு வந்துசேர 20 மில்லி விநாடிக்குச் சற்று முன்பின் ஆகும். உயரமானவர்களுக்குக் கொஞ்சம் தாமதம். ஐந்தாவது மில்லி விநாடியிலேயே ஒரு மேடு தெரிந்தால் அது இயந்திரத்தின் எதிரொலி. அதை எம்.இ.பி., அதாவது மூளைத் தூண்டலால் தசையில் எழும் அலை, என்று எண்ணிவிடக் கூடாது.

எண்ணுதல்

திரையின் அளவை ஒரு கட்டத்துக்கு 50 அல்லது 100 மைக்ரோவோல்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிவோல்ட் கட்டத்தில் வைத்திருந்தால் 60 மைக்ரோவோல்ட் அலை உங்கள் கண்ணுக்கே தெரியாது. தவறான த்ரெஷோல்டுக்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

உச்சிக்கும் அடிக்கும் இடையே 50 மைக்ரோவோல்டாவது உள்ள அலை, பத்தில் ஐந்து முறை வரும் மிகக் குறைந்த அளவே ஓய்வு நிலை த்ரெஷோல்ட். நிச்சயமாக அலை வரும் அளவிலிருந்து ஒவ்வொரு சதவீதமாக இறங்குங்கள். பத்தில் ஐந்துக்குக் குறையும் இடத்துக்கு ஒரு படி மேலே உள்ளது உங்கள் எண். ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐந்து விநாடி இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளியையும் சற்றே மாற்றிக்கொண்டிருங்கள். தாளம் பிடிபட்டால் தன்னார்வலர் அடுத்த பல்ஸை எதிர்பார்த்து விரலை இறுக்குவார். ஆறாவது பல்ஸிலேயே ஐந்து அலை வந்துவிட்டால் அந்தப் படி முடிந்தது, மீதி நான்கைக் கொடுக்காதீர்கள். குறைந்த பல்ஸில் த்ரெஷோல்டைக் கணிக்கும் கணினி முறைகளும் இருக்கின்றன. கையால் எண்ணிப் பழகியபின் அவற்றுக்கு மாறுங்கள், தன்னார்வலருக்கும் சுமை குறையும்.

பல சிகிச்சை மையங்களில் ஈ.எம்.ஜி. இல்லாமல், கட்டை விரல் அசைகிறதா என்று கண்ணால் பார்த்தே த்ரெஷோல்டைக் குறிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அசைவுக்கு முன்பே தசையில் மின் அலை வந்துவிடுகிறது. ஆகவே கண்ணால் எடுக்கும் எண் பொதுவாக உயர்ந்தே இருக்கும். இரண்டையும் ஒரே தன்னார்வலரிடம் அடுத்தடுத்து எடுத்து வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். அதேபோல ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் 45 என்று வந்தது இன்னொன்றிலும் 45 ஆக இருக்காது. காயில் மாறினாலும் எண் மாறும். பதிவேட்டில் இயந்திரம், காயில் இரண்டின் பெயரும் இல்லாத த்ரெஷோல்டால் யாருக்கும் பயனில்லை.

சிலரிடம் 70, 80 வரை போனாலும் அலை வராது. முகத்தைச் சுளிக்காதீர்கள், ‘என்னமோ வரலையே’ என்று முணுமுணுக்காதீர்கள். நலமாக வந்தவர் தன் மூளையில் ஏதோ கோளாறு என்ற கவலையோடு வீடு திரும்பக் கூடாது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும் என்று சொல்லிவிட்டு, எலக்ட்ரோடையும் காயிலின் கோணத்தையும் சரிபாருங்கள். அப்படியும் வராவிட்டால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிப்படைப் பயிற்சி ஒற்றைப் பல்ஸோடும், போகப்போக இரட்டைப் பல்ஸோடும் நிற்கட்டும். தொடர் பல்ஸ்களைத் தன்னார்வலர்மேல் பழகிப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. மூளையின் நிலையையே சிறிது நேரம் மாற்றக்கூடியவை அவை. கற்றுக்கொள்ளும் ஆர்வம் மட்டும் அதற்குப் போதுமான காரணமாகாது.

ஏதாவது நேர்ந்தால்

முகம் வெளுத்து, வியர்த்து, கொட்டாவி விட்டு, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றால் மயக்கம் வருகிறது. காயிலை எடுங்கள், நாற்காலியைப் படுக்கையாக்குங்கள், காலை உயர்த்துங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். உடனே எழுப்பாதீர்கள். அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தது.

ஒற்றைப் பல்ஸில் நலமானவருக்கு வலிப்பு வருவது மிக மிக அரிது. ஆனாலும் அதற்கான ஏற்பாடு இல்லாத அறையில் பயிற்சி நடத்தக் கூடாது. வந்தால் கீழே விழாமல் தாங்கி, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் கொடுக்க யாராவது ஓடிவந்தால் தடுத்துவிடுங்கள். படித்தவர்கள் நிறைந்த அறையிலும் பதற்றத்தில் பழைய பழக்கம் தலைநீட்டும். மாதம் ஒருமுறை இதை ஒத்திகை பாருங்கள்.

முடிந்த பிறகு

தலைவலி, கழுத்து வலி, காது அடைப்பு உண்டா என்று கேட்டு எழுதுங்கள். மொத்தம் எத்தனை பல்ஸ் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறுநாள் ஒரு முறை தொலைபேசியில் விசாரியுங்கள்.

தேர்ச்சியைப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே தன்னார்வலரிடம் இரண்டு பேர் தனித்தனியே, மற்றவருடைய எண் தெரியாமல் த்ரெஷோல்ட் எடுக்க வேண்டும். தொப்பிக் குறியையும் மறைத்துவிடுங்கள். இரண்டு எண்ணும் ஓரிரு சதவீதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி. அதிகம் விலகினால் முதலில் ஹாட்ஸ்பாட்டையும், அடுத்துக் காயிலின் சாய்வையும், கடைசியாகக் கையின் தளர்வையும் சோதியுங்கள். இதைப் பல தன்னார்வலர்களிடம் செய்த பிறகே பொறுப்பாளர் கையெழுத்திடட்டும். மருத்துவ நரம்புடலியங்கியலின் சர்வதேசக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட பயிற்சிப் பரிந்துரைகள் டெக்னீஷியன், மருத்துவர், ஆய்வாளர் என மூவருக்கும் தனித்தனிப் பாதை வகுத்திருக்கின்றன. அவரவர் பாதைக்குரியதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூவரும் காயிலைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

நேரில் பார்க்கும் பொறுப்பாளர் இல்லாத நாளில் இயந்திரத்தை இயக்க வேண்டாம். தன்னார்வலர் வந்து காத்திருந்தாலும் சரி, மன்னிப்புக் கேட்டு அவரைத் திருப்பி அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.